அம்மாவுக்கு ஒரு கண், பிள்ளைக்கு இரண்டு கண்: இமை வீக்கத்துக்கு ஒரு பதில்

ஆலங்குளம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு தாய் கேட்டிருப்பது இது: "மூணு நாளா வலது கண்ணு மேல் இமை வீங்கி, தொட்டா வலிக்கு. அம்மா நாமக்கட்டி உரசிப் போடச் சொல்லுதாவ. பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விடச் சொல்லுதாவ. என் பையனுக்கு ஆறு வயசு. அவனுக்கும் ஒரு வாரமா காலைல ரெண்டு கண்ணும் பொதபொதன்னு இருக்கு, மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிருது. போன மாசம்தான் அவன் கால்ல சிரங்கு ஆறுச்சு. என்கிட்ட இருந்து அவனுக்கு ஒட்டிருச்சோ? வீட்டுலயே என்ன செய்யலாம்? பீடி சுத்தலாமா, கூடாதா?"

பையனிடமிருந்து தொடங்குகிறேன் அம்மா. உங்கள் கண் ஒரு வாரம் பொறுக்கும். அவனை நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். கண் டாக்டரிடம் வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். போனதும் இரண்டு காரியம் கேளுங்கள்: மூத்திரத்தில் ஆல்புமின் என்கிற புரதமும் ரத்தமும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், பிரஷர் பார்க்கவேண்டும். காலையில் எழுந்ததும் போகிற முதல் மூத்திரத்தைச் சுத்தமான சின்னப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

உங்களிடமிருந்து அவனுக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு மூன்று நாள்தான் ஆகிறது, அவனுக்கு ஒரு வாரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தவிர, இரண்டும் வேறு வேறு வீக்கம். வலி இல்லை, சிவப்பு இல்லை, பீளை இல்லை, இரண்டு கண்ணும் ஒன்றுபோல் காலையில் உப்பி மத்தியானம் வடிகிறது என்றால், பெரும்பாலும் அது கண்ணில் தொடங்குகிற சங்கதி இல்லை. உடம்பில் நீர் தங்குகிறது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான். அதன் அடியில் கொழுப்பு கிடையாது, தளர்வான சதைதான். படுத்துக் கிடக்கும்போது நீர் முதலில் அங்கே வந்து சேரும். எழுந்து ஓடியாடினால் கீழே இறங்கும். வடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற நீர் சாயங்காலம் காலில் இருக்கும். இன்று இரவு பையன் செருப்பைக் கழற்றும்போது வார் பதிந்த தடம் ஆழமாக இருக்கிறதா பாருங்கள். டவுசர் எலாஸ்டிக் இடுப்பில் பள்ளமாகப் பதிந்திருக்கிறதா பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின்மேல் கட்டைவிரலைப் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் சந்தேகம் வேண்டாம்.

சிரங்கைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சிரங்கு உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி வந்துபோன மூன்று முதல் ஆறு வாரத்தில் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் அழற்சியாகும். தொண்டைப்புண்ணுக்குப் பிறகு என்றால் ஒன்றிரண்டு வாரத்திலேயே வரும். மூத்திரம் குறையும், நிறம் கட்டங்காப்பி போல இருக்கும், பிரஷர் ஏறும். தலைவலி, வாந்தி, வலிப்பு என்று போய்விட்டால் அது அவசரம். இன்னொன்று, சிறுநீரகத்தின் வழியே புரதம் ஒழுகிப்போவது. அதில் மூத்திரம் நுரை நுரையாகப் போகும், நுரை சீக்கிரம் அடங்காது. இரண்டையும் நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடுவார்கள். சோதனை முடிவு வரும்வரை ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல், பாக்கெட் சிப்ஸ் எதுவும் கொடுக்கவேண்டாம், சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள். காய்ச்சல், வலிக்கென்று புரூஃபன் வகை மருந்து கொடுக்காதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது.

நான் அரசு கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முகாமுக்கு இப்படிப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். தாயின் கையில் அலர்ஜி சொட்டு மருந்து பாட்டில் இருக்கும். "போட்டா மத்தியானம் வடிஞ்சிருது சார், மறுநாள் திரும்ப வந்துருது" என்பார்கள். மருந்து போடாவிட்டாலும் மத்தியானம் வடியத்தான் செய்யும். உங்கள் பையனுக்கு வெறும் அலர்ஜியாகவே இருக்கலாம், அப்படி இருந்தால் சந்தோஷம். ஆனால் அதை மூத்திரச் சோதனை சொல்லட்டும்.

இனி உங்கள் கண். ஒற்றைக் கண், மேல் இமை, தொட்டால் ஓர் இடத்தில் சுருக்கென்ற வலி, காய்ச்சலும் இல்லை என்றால் இது கண்கட்டி. இமை முடியின் வேரிலும், அதற்குச் சற்று உள்ளேயும் எண்ணெய் சுரக்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சட்டென்று காய்ந்துவிடாமல் மேலே ஒரு படலம் விரிப்பது அந்த எண்ணெய்தான். அதன் வாய் அடைத்து உள்ளே கிருமி பெருகினால் சீழ் கட்டும். நம் தோலிலும் மூக்கிலும் எப்போதும் குடியிருக்கிற ஸ்டாபிலோகாக்கஸ் என்ற கிருமிதான் வழக்கமாகக் காரணம். முதல் இரண்டு மூன்று நாள் இமை முழுக்க வீங்கி எங்கே கட்டி என்றே தெரியாது. பிறகு ஓர் இடத்தில் மஞ்சளாக முனை கட்டும், உடையும், வடியும். பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்.

இதற்கு வீட்டு வைத்தியம் உண்டு. டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் சொல்வார்: வெந்நீர் ஒத்தடம். ஆனால் ஒத்தடம் என்று எல்லாரும் செய்வது துணியை முக்கி இரண்டு தடவை ஒற்றிவிட்டு எழுந்துபோவது. அதில் ஒன்றும் ஆகாது. உள்ளே உறைந்த எண்ணெய் இளக வேண்டுமென்றால் சூடு பத்து நிமிஷம் விடாமல் இமையில் நிற்கவேண்டும். துவைத்த பருத்திக் கைக்குட்டையை நாலாக மடித்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுச் சூட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான நீரில் முக்கிப் பிழியுங்கள். மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்து, சுகமாக இருந்தால் மூடிய இமைமேல் வையுங்கள். ஒரு நிமிஷத்தில் ஆறிவிடும், திரும்ப முக்குங்கள். பக்கத்தில் பிளாஸ்கில் வெந்நீர் இருந்தால் எழுந்து எழுந்து அடுப்படிக்குப் போகவேண்டியதில்லை. பத்து நிமிஷம் முடிந்ததும் சுத்தமான விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாக, முடி வரிசையை நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். கீழ் இமை என்றால் கீழிருந்து மேலாக. அழுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை இப்படிச் செய்யுங்கள். அந்தக் கைக்குட்டை உங்களுக்கு மட்டும்தான், தினம் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்கவேண்டும்.

உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. முதுகுக்கும் முழங்காலுக்கும் கொடுங்கள், இமைக்கு வேண்டாம். உப்பு மூட்டையின் சூடு கையில் தெரிவதைவிட அதிகம், இமைத்தோல் கொப்பளித்துவிடும். உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி வைப்பதும் சூட்டு வைத்தியம்தான், தப்பில்லை. கை கழுவியிருக்கவேண்டும், அந்தச் சூடு ரொம்ப நேரம் நிற்காது, அவ்வளவே.

கட்டியைப் பிதுக்காதீர்கள். முனை கட்டியதும் ஊசியால் குத்திவிட யாராவது ஒருத்தர் வீட்டில் இருப்பார், அவரிடம் கண்ணைக் கொடுக்காதீர்கள். அழுத்தினால் சீழ் வெளியே வருவதற்குப் பதில் இமைக்குள் பரவும். முடி வேரில் தெரிகிற கட்டி உடைந்து வடிந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் ஒன்று போட்டுக்கொள்ளலாம். குணமாகும்வரை மை வேண்டாம், பழைய மை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அம்மா சொன்ன நாமக்கட்டியைப் பற்றிச் சண்டை போடவேண்டாம். வெளித்தோலில் மெல்லிசாகப் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், பெரிய கெடுதல் இல்லை. காய்ந்த பிறகு உதிர்கிற தூள் கண்ணுக்குள் விழுந்து உறுத்துவதுதான் தொல்லை. கட்டி அதனால் கரையாது, தன் கணக்குக்குத்தான் உடையும். கிராம்பு உரசிப் போடுவது மட்டும் வேண்டாம், அதன் எண்ணெய் கண்ணில் பட்டால் எரித்துவிடும். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக்கொள்ளலாம், பூச்சாற்றை உள்ளே பிழியக் கூடாது. அந்தச் செடியைக் கிள்ளினால் வருகிற பால் கண்ணுக்கு ஆகாது.

பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். "தாய்ப்பால்தானே, அதுல என்ன கெடுதல் இருக்கப் போவுது?" என்று கேட்பார். பிள்ளை வயிற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் சீழ் பிடித்த கண்ணில் விட்டால் கிருமிக்கும் அது சாப்பாடு. எனக்கு இதில் ஒரே கோடு: இமைக்கு வெளியே என்றால் பேசலாம், கண்ணுக்குள் எதுவும் போகக்கூடாது. விளக்கெண்ணெய், தேன், எலுமிச்சை, இலைச்சாறு எல்லாம் இதில் சேர்த்திதான். எருக்கம்பால் இருக்கிறதிலேயே மோசம். பட்ட பிறகு பல சமயம் வலியே இருக்காது, பார்வை மட்டும் மங்கிப்போகும், அதனால் ஆள் வர நாளாகிவிடும். நெல் அறுக்கும்போது தாள் குத்தின கண்ணில் எதையாவது பிழிந்துவிட்டு, கருவிழி வெள்ளை பூத்த பிறகு வருகிறவர்களை இந்தப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிகள் எல்லாம் பார்த்திருக்கின்றன. 1988-இல் அரவிந்த் கண் மருத்துவமனை திருநெல்வேலிக்கு வந்ததிலிருந்து அங்கே வருகிற கருவிழிப் புண்களில் பூஞ்சைப் புண் நிறைய. அது ஆற வாரக்கணக்காகும், ஆறினாலும் தழும்பு நிற்கும். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய்க் காட்டுங்கள். கேள்விப்பட்டதைப் பிழிந்துவிடுவது சித்த மருத்துவம் ஆகாது.

மெடிக்கலில் "கண்ணு வீங்கிருக்கு, ஏதாவது குடுங்க" என்று வாங்குவதும் எனக்குப் பயம்தான். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து போட்ட அன்றைக்கே சிவப்பை எடுத்துவிடும், ஆளுக்கு அதன்மேல் நம்பிக்கை வந்துவிடும். மாசக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடும், பூஞ்சைப் புண் இருக்கிற கண்ணில் போட்டால் நெருப்பில் எண்ணெய். முகத்துக்குப் போடும் வெள்ளை கிரீம்கள் சிலவற்றிலும் இதே மருந்து இருக்கிறது. வேறொருத்தருக்கு எழுதிக் கொடுத்த பாட்டிலை வாங்கிப் போடாதீர்கள். உங்களுக்கே கொடுத்ததானாலும் திறந்து ஒரு மாதம் ஆனால் எறிந்துவிடுங்கள்.

கண்கட்டி திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு காரியம் பார்க்கவேண்டும். ஒன்று சர்க்கரை. இன்னொன்று இமை விளிம்பு: முடி வேரில் பொடுகு மாதிரிச் செதில் ஒட்டியிருந்தால் அது நாள்பட்ட இமை அழற்சி, தலைப்பொடுகும் கூடவே இருக்கும். அதற்கு, ஆறவைத்த வெந்நீர் அரை டம்ளரில் குழந்தை ஷாம்பு இரண்டு மூன்று சொட்டு விட்டு, பஞ்சில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு முடி வேரை ஓரமாகத் துடைத்துக் கழுவவேண்டும். தினமும் பல் விளக்குகிற மாதிரி வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் பார்வையையும் சோதியுங்கள். கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும்.

வலி போய், பயறு அளவு உருண்டை மட்டும் மாசக்கணக்கில் நின்றால் அது வேறு, அடைபட்ட சுரப்பி. ஒத்தடத்தில் கரையலாம், கரையாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு இமையின் உட்புறம் சின்னதாகக் கீறி எடுத்துவிடுவார்கள், தழும்பு தெரியாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அதே இடத்தில் திரும்ப வந்தாலும், அந்த இடத்து முடி உதிர்ந்தாலும் எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இமைச் சுரப்பியில் வரும் ஒருவகைப் புற்றுநோய் இந்த வேஷத்தில்தான் வரும்.

அரிப்போடு வரும் வீக்கத்துக்கு வெந்நீர் கூடாது. அதற்குக் குளிர்ந்த ஒத்தடம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைப் பக்கமும் இறங்குகிற காற்று வள்ளியூர், ராதாபுரம், பணகுடிப் பக்கம் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். அந்த மாசங்களில் கண்ணைக் கசக்கிக் கசக்கியே இமை தடித்து வருகிறவர்கள் அதிகம். மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும், ஐஸ் என்றால் துணியில் சுற்றி ஐந்து நிமிஷம். கசக்குவதை நிறுத்துவதுதான் பாதி மருந்து. விடாமல் கசக்குகிற பிள்ளைகளுக்குக் கருவிழி கூம்பிப்போகும் ஆபத்தும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போகத் தலைக்கு டை அடித்த மறுநாள் இரண்டு இமையும் பொங்குவது இன்னொரு வகை. தலைத்தோல் தாங்கிக்கொள்ளும், இமைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். கறுப்பு மருதாணியிலும் அதே ரசாயனம் கலப்பார்கள். நகப்பாலிஷ்கூட, விரலால் இமையைத் தொட்டுத் தொட்டே வீக்கம் தரும்.

பிசான நெல் வயலில் நிற்கும் காலத்தில் இன்னொன்று. எறும்பைவிடக் கொஞ்சம் நீளமாக, கறுப்பும் செம்மஞ்சளும் பட்டை பட்டையாக ஒரு பூச்சி டியூப்லைட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். கடிக்காது, கொட்டாது. முகத்தில் ஊர்கிறதே என்று அடித்து நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்ட இடம் ஒன்றிரண்டு நாளில் எரிந்து கொப்பளிக்கும், இமை வீங்கும். ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத வீக்கங்கள் சில உண்டு. இமை வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்து, கண்ணை உருட்டினால் வலி, கண் முன்னால் பிதுங்கல், பார்வை மங்கல், இரண்டிரண்டாகத் தெரிதல் என்று இருந்தால் சீழ் கண்குழிக்குள் இறங்குகிறது. அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கு இமை வீங்கிச் சீழ் வந்தாலும் அப்படித்தான். உதடு, நாக்கு சேர்ந்து வீங்கி மூச்சு முட்டினால் 108. பிரஷருக்கு எனலாபிரில், ராமிபிரில் சாப்பிடுகிறவர்களுக்கு, மாத்திரை தொடங்கி ரொம்ப நாள் கழித்தும் அப்படி வரலாம்.

நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் வந்து அந்தப் பக்கத்து இமை வீங்கினால் அது அக்கி. காவி குழைத்து அக்கி எழுதக் கூட்டிப் போவார்கள். எழுதிக்கொள்வது உங்கள் இஷ்டம், ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டி மாத்திரை தொடங்கிவிடவேண்டும். எப்போதோ வந்துபோன சின்னம்மைக் கிருமிதான் நரம்பு வழியாகத் திரும்பி வருகிறது. மூக்கு நுனியிலும் கொப்புளம் இருந்தால் கண்ணும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று வீக்கமே இல்லை, ஆனால் வீக்கம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தரையில் பாய் போட்டுப் படுத்தவர் காலையில் எழுந்து "கண்ணைத் தொறக்க முடியல" என்கிறார். இரண்டு இமையும் சரிந்திருக்கிறது, வயிறு வலிக்கிறது, எச்சில் விழுங்கத் திணறுகிறார். ராத்திரியில் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அது கடித்தால் பல சமயம் வலியும் இருக்காது, பல் தடமும் தேடினாலும் கிடைக்காது. ஒத்தடம், வேப்பிலை எதற்கும் நிற்காமல் விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

கடைசியாக உங்கள் வேலை. கண்கட்டி பார்ப்பதால் ஒட்டாது. மெட்ராஸ் ஐ கூடக் கை வழியாகத்தான் பரவும், பார்வையால் இல்லை. அதனால் பீடி சுற்றலாம். ஆனால் கட்டி வந்ததே அந்த வழியாக இருக்கவும் கூடும். சுளகை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் புகையிலைத் தூள் நேரே மூச்சிலும் கண்ணிலும் ஏறும். கண் அரிக்கும், பீடி முனை மடித்த அதே நகத்தால் இமை ஓரத்தைச் சொறிவோம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தோளில் ஒரு துண்டு கிடக்கட்டும், அரித்தால் அதை எடுத்து ஒற்றுங்கள். எழுந்திருக்கும்போதெல்லாம் முகத்தைத் தொடும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காற்று வருகிற பக்கமாக முதுகு இருக்கும்படி உட்கார்ந்தால் தூள் உங்களை விட்டு விலகிப் போகும்.

இரண்டு நாள் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தும் வீக்கம் கன்னத்துக்கு இறங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வாரத்தில் கட்டி அடங்காவிட்டாலோ கண் டாக்டரிடம் போங்கள். பையனுடைய மூத்திரச் சோதனைச் சீட்டில் ஆல்புமின் என்ற இடத்துக்கு நேரே 'இல்லை' என்றோ, கூட்டல் குறியோ போட்டிருக்கும். கூட்டல் குறி இருந்தால் அங்கிருந்தே பிள்ளைகள் டாக்டருக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், வீட்டுக்கு வந்து யோசிக்கவேண்டாம்.